வெகுளியும் ‘மூடி’யும்: எதிரெதிர்த் திசையில் நடந்த இரு சொற்கள்

மும்பை ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அத்தகைய வீடுகளில் இந்தியில் ‘மூட் கராப் ஹை’ என்பதும் தமிழில் ‘மூடு சரியில்லை’ என்பதும் ஒரே பொருளில் வழங்கும். இரண்டும் ஒரு பொழுதின் மனநிலையை மட்டும் கூறுபவை. ‘அவள் மூடி டைப்’ என்று சொல்லும்போதோ பொழுது மறைந்து, அந்நிலையே ஆளின் குணமாகிவிடுகிறது.

இந்த ஆங்கிலப் பெயரடை பிறந்தபோது அது வசைச்சொல் அன்று. பழைய ஆங்கிலத்தில் ‘மோட்’ என்பது மனத்தையும் ஊக்கத்தையும் துணிவையும் குறித்தது. அதன் அடியாக வந்த பெயரடை ‘வீரமிக்க’ என்று பொருள்பட்டது. ‘பேவுல்ஃப்’ காப்பியத்தில் அது வீரர்க்குரிய அடைமொழி. பின்னர்ச் செருக்கையும் சினத்தையும் சுட்டி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் முகவாட்டத்தையும் சிடுசிடுப்பையும் குறிக்கலாயிற்று. அதன் இனச்சொல்லான ஜெர்மன் ‘மூட்டிக்’ இன்றும் ‘துணிவுள்ள’ என்ற பொருளிலேயே நிற்கிறது.

தமிழில் ‘வெகுளி’ இதற்கு நேரெதிராக நடந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அது ஒன்று; பொருள் சினம். திருக்குறளின் 31ஆம் அதிகாரம் ‘வெகுளாமை’. இன்றோ வெகுளி என்றால் சூதுவாது அறியாதவர். வீரம் சிடுசிடுப்பாகச் சரிந்தது ஆங்கிலத்தில். சினம் கள்ளமின்மையாகக் கனிந்தது தமிழில்.

இங்குக் கருதத்தக்கது மற்றொன்று உண்டு. தொல்காப்பியர் வெகுளியைக் காரணத்தோடு சேர்த்தே சொல்கிறார்: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல் என்னும் நான்கிலிருந்து அது பிறக்கும். வள்ளுவர் காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களைப் புலவிக்கும் ஊடலுக்கும் ஒதுக்குகிறார். பரிமேலழகர் புலவியை இளைய கலாம் என்றும் துனியை முதிர்ந்த கலாம் என்றும் பிரித்துரைக்கிறார். யார்மீது, எதனால், எவ்வளவு என்ற மூன்றும் அச்சொற்களுக்குள்ளேயே உள்ளன.

‘மூடி’ என்ற பெயரடையில் இம்மூன்றும் இல்லை. ஹார்பர் வழித்தட ரயிலில் நெரிசலில் நின்றபடி வந்து, ஓரறை வீட்டில் அடுப்பு மூட்டும் பெண்ணின் சிடுசிடுப்புக்குக் காரணம் உண்டு. ‘மூடு சரியில்லை’ என்று அவள் சொன்னால், ‘ஏன்?’ என்று கேட்க இடமிருக்கிறது. ‘அவள் மூடி’ என்று பிறர் சொல்லிவிட்டபின் அக்கேள்வியை யாரும் கேட்பதில்லை.