அறுநூறு கிராம்

புறநானூற்றின் 279ஆம் பாடலை ஆண்டுதோறும் நடத்துகிறேன். எழுதியவர் ஒக்கூர் மாசாத்தியார். முந்தைய போரில் அவளுக்கு உரியவன் ஒருவன் களத்தில் விழுந்தான். தந்தை என்பார்கள், தமையன் என்பார்கள், உரைக்கு உரை மாறும். நேற்றைய போரில் கணவன். இன்றும் பறை கேட்கிறது. மிச்சமிருப்பவன் ஒரே மகன். அவன் குடுமிக்கு எண்ணெய் தடவி, வெள்ளை உடுத்திவிட்டு, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். 2023 ஜூலையில், பெரம்பலூரில் ஒரு வகுப்பில் இதை முடித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "வேல் அவ கையிலதானே மேடம் இருந்துச்சு. அவளே போயிருக்கலாம்ல?"

வகுப்பு சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை. அவள் ஈட்டி எறிகிறவள். காலைப் பயிற்சி முடித்து, தோளில் அடித்த ஸ்ப்ரே வாசனையோடுதான் முதல் பாடவேளைக்கு வருவாள். அவளுடைய அம்மா செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் அறுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். நான் மூதின்முல்லை என்று துறை விளக்கம் சொல்லிச் சமாளித்துவிட்டேன். பேருந்தில் திரும்பும்போது அந்தச் சமாளிப்பு உறுத்தியது.

எனக்கும் ஈட்டிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அரியலூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன்னால், அது திருச்சி மாவட்டத்தில் இருந்த காலத்தில், அங்கே ஒரு கிராமத்தில் வளர்ந்தவள் நான். பன்னிரண்டு வயதில் சோளக்கொல்லைக் காவலில் கவண் சுற்றுவேன். கல் அடுத்த கொல்லை வரப்பைத் தாண்டிப் போகும். கிளி விரட்டும்போது யாரும் என் தோளைப் பார்த்ததில்லை. பள்ளி மைதானத்தில் பையன்களுக்கு ஒரு மூங்கில் ஈட்டி இருந்தது. முனை கொல்லுப்பட்டறையில் அடித்தது. ஒரு நாள் அதை எடுத்து எறிந்தேன். எவ்வளவு தூரம் போனது என்று யாரும் அளக்கவில்லை. "பொட்டப் புள்ளைக்கு இது எதுக்கு, தோள் விரிஞ்சுடும்" என்றார் பி.டி. சார். வீட்டில் அம்மா, "கைய அடக்கி நட" என்றார். எங்களுக்கு ரிங் பால் கொடுத்தார்கள். பொன்முடியாரின் கடமைப் பட்டியல் (312) எம்.ஏ. படிக்கும்போதுதான் கையில் வந்தது. பெற்றுத் தருவது தாய்க்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, போரிடுவது மகனுக்கு. மகள் என்று ஒருத்தி அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஒலிம்பிக் பட்டியலிலும் நெடுநாள் இல்லை. ஆண்களுக்கு 1908 லண்டனில் ஈட்டி வந்தது. பெண்களுக்குத் தடகளமே மறுக்கப்பட்டிருந்தது. துடுப்புப் படகு வீராங்கனையான பிரான்சின் ஆலிஸ் மில்லியா, 1921இல் பெண்களுக்கென்று சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்து, 1922இல் பாரிஸில் பெண்களுக்கான போட்டிகளை நடத்திக் காட்டினார். ஒலிம்பிக் என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதற்கு ஒலிம்பிக் கமிட்டி சண்டைக்கு வந்தது. அந்தப் பாரிஸ் போட்டியில் ஈட்டி உண்டு. வலக்கையால் எறிந்த தூரத்தையும் இடக்கையால் எறிந்த தூரத்தையும் கூட்டிக் கணக்கிட்டார்கள். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஐந்தே தடகளப் போட்டிகளோடு கதவைத் திறந்தபோது ஈட்டி வெளியிலேயே நின்றது. 1932 லாஸ் ஏஞ்சலஸில்தான் உள்ளே வந்தது; வென்றவர் பேப் டிட்ரிக்சன். அவர் பெண்தானா என்று கேலி எழுதிய பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். ஆணின் ஈட்டி 800 கிராம், பெண்ணுடையது 600. அந்த 200 கிராம் வித்தியாசத்தை விட இந்த 24 வருட வித்தியாசம் எனக்குக் கனமாகப் படுகிறது.

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1980இல், 'பெண்பிள்ளை போல எறிதல்' என்ற வசையையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறுமிகள் முழு உடம்பையும் போட்டு எறிவதில்லை, கையை மட்டும் வீசுகிறார்கள். காரணம் எலும்பிலோ தசையிலோ இல்லை, தன்னைச் சுற்றியுள்ள இடம் தனக்கில்லை என்று பழக்கப்பட்ட உடம்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். என் மாணவி இதைப் படித்ததில்லை. ஆனால் ஈட்டியின் சூட்சுமத்தை அவள் விளக்கியபோது அதையேதான் சொன்னாள். ஓடி வந்து, குறுக்குக் கால் போட்டு, இடது காலைத் தரையில் அறைந்து நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தத்தில் விசை இடுப்புக்கு ஏறி, தோளுக்கு வந்து, முழங்கையைத் தாண்டிக் கடைசியில்தான் விரலுக்கு வரும். "நெஞ்ச விரிச்சு வில்லு மாதிரி வளையணும் மேடம். பாக்குறாங்களேன்னு கூச்சப்பட்டா ஈட்டி முன்னாடியே விழுந்துடும்."

இந்தியப் பெண்கள் இதில் நேற்று வந்தவர்கள் அல்ல. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலேயே பார்பரா வெப்ஸ்டர் வெண்கலம் வென்றார். எலிசபெத் டேவன்போர்ட் 1958 டோக்கியோவில் வெள்ளி, 1962 ஜகார்த்தாவில் வெண்கலம். பெயர்களைக் கவனியுங்கள். அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் இறங்க அன்று எந்த வீட்டுப் பெண்களுக்கு அனுமதி இருந்தது என்பதை அவை சொல்லும். குர்மீத் கவுர் 2000இல் எறிந்த 58.64 மீட்டர் 14 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. 2014இல் அதைத் தாண்டியவர் அன்னு ராணி: மீரட் பக்கத்து பகதூர்பூர் கிராமத்துக்காரர், கரும்புக் கழியை எறிந்து பழகியவர். வீட்டில் ஒருவருக்குத்தான் செலவு செய்ய முடியும் என்ற நிலை; ஓட்டக்காரரான அண்ணன் உபேந்திரா ஒதுங்கிக்கொண்டார். அண்ணன்கள் ஒதுங்குவது செய்தியாகிறது. தங்கைகள் ஒதுங்குவதை யாரும் எழுதுவதில்லை, அது வழக்கம்.

2019இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில், ஈட்டி எறிதல் இறுதிச் சுற்றுக்குப் போன முதல் இந்தியப் பெண் ஆனார் அன்னு. 61.12 மீட்டர், எட்டாமிடம். 2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜினில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் மீண்டும் அதே 61.12, ஏழாமிடம். இரண்டு முறையும் தங்கம் ஆஸ்திரேலியாவின் கெல்சி-லீ பார்பருக்கு. அடுத்த நாள் அதே மைதானத்தில் நீரஜ் சோப்ரா வெள்ளி வென்றார். அந்த வாரம் எங்கள் தெருமுனை டீக்கடையில் 88.13 என்ற எண்ணை எல்லோரும் ஒப்பித்தார்கள். 61.12 யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, மாணவியின் கேள்விக்குப் பிறகு தேடிப் படித்ததுதான்.

2023 அக்டோபர் 3 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அன்னு 62.92 எறிந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு ஈட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண். வெள்ளி இலங்கையின் நதீஷா தில்ஹானி லெகம்கேவுக்கு, 61.57. அதே நாளில் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார். மறுநாள் என் மாணவி போனை நீட்டி, அந்த எறிதலை வகுப்பு வாசலிலேயே நான்கு முறை ஓட்டிக் காட்டினாள். இடது காலை மட்டும் பார்க்கச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை மாவட்ட விளையாட்டரங்கத்துக்கு வரச் சொன்னாள். போனேன். கரும்பலகையின் மேல்வரிக்கே உயர மறுக்கும் தோள் என்னுடையது என்று சொல்லியும் கேட்கவில்லை. தன் ஈட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். பிடியில் சுற்றிய கயிறு அவள் வியர்வையில் கறுத்திருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு நாலு எட்டு ஓடி எறிந்தேன். பத்து மீட்டர் இருக்கலாம், தட்டையாகப் போய் விழுந்தது.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். "செல்லாது மேடம். நுனி முதல்ல படல. மறுபடி எறிங்க."