ஆளில்லாமல் நிறுவப்படும் இயங்குதளம்: ஒரு சிறு வரலாறு



பள்ளியின் கணினிக்கூடத்தில் நாற்பது கணினிகள் வரிசையாக இருப்பதைக் காண்கிறோம். அவை ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளம் இருந்தால்தான் பாடம் நடக்கும். அதனை நிறுவுபவர் யார், எவ்வாறு நிறுவுகிறார் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பழைய கணினிகளை வைத்திருப்போர் அனைவருக்கும் இக்கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. ஆகவே, இதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

முன்பு இப்பணி முழுவதும் கையால் நடந்தது. விண்டோஸ் 95 நெகிழ்வட்டுப் பதிப்பில் 13 வட்டுகள் இருந்தன. ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் செருக வேண்டும். இடையிடையே கணினி கேள்விகள் கேட்கும். எந்த மொழி, எந்த நேர வலயம், வன்தட்டை எவ்வாறு பகுப்பது, கணினியின் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று அது கேட்கக் கேட்க ஒருவர் அருகிலிருந்து விடை சொல்ல வேண்டும். ஒரு கணினிக்கு ஒரு மணி நேரம் என்று கொண்டாலும், நாற்பது கணினிகளுக்கு ஒரு வாரம் போய்விடும். நேரம் போவதைவிடப் பெரிய இடர் ஒன்றும் இதில் உண்டு. ஒரே விடையை நாற்பது முறை தட்டச்சு செய்பவரின் விரல் எங்காவது தவறும். அதனால் ஒரு கணினியில் தமிழ் எழுத்துரு ஒழுங்காகத் தெரியும். அடுத்ததில் கட்டங்கட்டமாகத் தெரியும். பாதி மாணவர்கள் எழுதுவர். மீதிப் பேர் கையுயர்த்திக் காத்திருப்பர்.

இந்த இடருக்கான விடை முதலில் பல்கலைக்கழகங்களில்தான் உருவாயிற்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகம், டிஜிட்டல், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து 1983ஆம் ஆண்டில் ‘அதீனா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 1991 வரை நடந்த இத்திட்டத்தில், வளாகமெங்கும் மாணவர்களுக்கென நூற்றுக்கணக்கான கணினிகள் வைக்கப்பட்டன. மாணவரின் கோப்புகள் அவர் அமரும் கணினியில் தங்கவில்லை. பிணையத்திலுள்ள சேவையகத்தில் இருந்தன. எந்தக் கணினியில் அமர்ந்தாலும் தம் கோப்புகள் கிடைக்கும். ஒரு கணினி பழுதடைந்தால் மாணவருக்கு இழப்பில்லை. அதைத் துடைத்துப் புதிதாக நிறுவிவிடலாம். பின்னர் வந்த தானியங்கு முறைகள் பயன்பட வேண்டுமானால் இந்தப் பிரிவினை இருந்தாக வேண்டும்.

அடுத்த தடை, ஒன்றுமே இல்லாத வெற்றுக் கணினி தனக்கு வேண்டியதை எங்கிருந்து பெறும் என்பது. பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகிய இருவரும் 1985இல் வெளியிட்ட ‘பூட்பி’ என்னும் நெறிமுறை இதற்கு வழி காட்டியது. கணினி விழித்தவுடன், “நான் யார்? எனக்குரிய கோப்பு எங்கே?” என்று பிணையம் முழுவதும் கேட்கும் வகையில் குரல் கொடுக்கும். அதன் பிணைய அட்டையின் எண்ணைக் கண்டு சேவையகம் விடை அளிக்கும். இன்று நாம் அறிந்த ‘டி.எச்.சி.பி.’ 1993இல் இதன் வழியில் வந்ததே. 1990களின் இறுதியில் இண்டெல் நிறுவனம் வகுத்த ‘பி.எக்ஸ்.இ.’ முறையால், சாதாரண மேசைக் கணினிகளும் வட்டு எதுவுமின்றிப் பிணையத்திலிருந்தே தொடங்கும் திறனைப் பெற்றன.

இனி எஞ்சியது கேள்விகளுக்கு விடையளிப்பது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1990களில் தன் சோலாரிஸ் இயங்குதளத்திற்காக ‘ஜம்ப்ஸ்டார்ட்’ என்னும் முறையை வழங்கியது. நிறுவும்போது எழக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் விடைகளை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைப்பது அதன் அடிப்படை. எந்த வகைக் கணினிக்கு எந்த விடைக்கோப்பு என்பதையும் விதிகளாக எழுதி வைக்கலாம். ரெட் ஹாட் லினக்ஸின் ‘கிக்ஸ்டார்ட்’, விண்டோஸ் என்.டி.யின் விடைக்கோப்பு ஆகியவையும் இவ்வழியிலேயே அமைந்தன. ரெட் ஹாட் முறையில் ஆசிரியர்களுக்குப் பிடித்தமான ஒரு நற்பண்பு உண்டு. ஒரு கணினியில் கையால் நிறுவி முடித்தாலும், நாம் அளித்த விடைகளை அது ஒரு கோப்பில் எழுதி விட்டுச் செல்லும். ஒருமுறை கவனமாகச் செய்தது மறுமுறைக்கு வழிகாட்டியாகிவிடுகிறது.

இதே காலத்தில் வேறொரு வழியும் பிறந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த மரே ஹசார்ட் 1995இல் ‘கோஸ்ட்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். முழுமையாக அமைக்கப்பட்ட ஒரு கணினியின் வன்தட்டை அப்படியே படியெடுத்து, மற்றக் கணினிகளில் பதிப்பது அதன் வேலை. சிமாண்டெக் நிறுவனம் 1998இல் அதனை வாங்கியது. கணினிக்கூடங்களில் இம்முறை பெரிதும் விரும்பப்பட்டது. விரைவும் எளிமையும் அதன் சிறப்பு. ஆனால், படியெடுக்கும்போது மூலக் கணினியின் பெயரும் அடையாளமும்கூட நகலாகிவிடும். அவற்றை நீக்கிய பின் படியெடுக்க, மைக்ரோசாஃப்ட் தனியே ‘சிஸ்பிரெப்’ என்னும் கருவியை வழங்க வேண்டியதாயிற்று. மேலும், மூலத்தில் ஒரு பிழை இருந்தால் நாற்பதிலும் அதே பிழை இருக்கும்.

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாமஸ் லாங்கெ, 1999இல் டெபியன் லினக்ஸுக்காக ‘ஃபை’ என்னும் மென்பொருளை வெளியிட்டார். அவருக்கு முன் இருந்த பணி, 16 கணினிகள் கொண்ட ஒரு தொகுதியை நிறுவுவது. ஜம்ப்ஸ்டார்ட் முறையிலிருந்து அவர் ஊக்கம் பெற்றார். கணினிகளை வகுப்புகளாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் பொதுவானவை எவை, ஒவ்வொரு வகுப்புக்கும் மட்டும் உரியவை எவை என்று எழுதி வைப்பது அவர் கையாண்ட முறை. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி வகுக்கும் ஆசிரியருக்கு இது புதிதன்று. திட்டத்தை மனிதர் தீட்டுவார். நிறுவுதலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு வசதிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் 2014 மே மாதம் நடந்தது அதனை நன்கு உணர்த்தும். விண்டோஸ் 7 நிறுவுவதற்கான கட்டளை, தவறுதலாக அங்கிருந்த விண்டோஸ் கணினிகள் அனைத்தையும் நோக்கி அனுப்பப்பட்டது. மேசைக் கணினி, மடிக்கணினி, சேவையகம் எதுவும் விலக்கில்லை. அக்கட்டளையின் முதற்படியே வன்தட்டைத் துடைத்து மறுபடி பகுப்பதுதான். தவறு தெரிந்தவுடன், கட்டளை அனுப்பிய சேவையகத்தை நிறுத்தினர். அதற்குள் அச்சேவையகம் தன் வன்தட்டையும் துடைத்துவிட்டிருந்தது. கையால் நிறுவும் காலத்தில் ஒருவரின் தவறு ஒரு கணினியோடு நின்றது. ஆளில்லா முறையில் அதே தவறு சில மணித்துளிகளில் எங்கும் பரவிவிடுகிறது.

ஆகவே, இம்முறையில் மனித உழைப்பு மறைந்துவிடுவதில்லை. முன்னேற்பாட்டிற்கு இடம் மாறுகிறது. நம் பள்ளிகளுக்கு இவ்வரலாறு தரும் அறிவுரைகளாக மூன்றைக் கூறலாம். முதலாவது, மாணவர் படைப்புகள் கணினிக்கூடத்தின் வன்தட்டில் மட்டும் தங்கக்கூடாது. அவற்றுக்கு வேறோர் இடம் வேண்டும். ஒரு பருவம் முழுதும் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை ஒரே கட்டளை துடைத்துவிடக் கூடும். இரண்டாவது, எந்தப் புதிய அமைப்பையும் முதலில் ஒரே ஒரு கணினியில் செய்து பார்த்து, தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் சரியாக உள்ளனவா என ஆசிரியர் ஒருவர் சோதித்த பின்னரே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது, விடைக்கோப்பும் குறிப்புகளும் பள்ளியிடம் இருக்க வேண்டும். அவை தொழில்நுட்பரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் பள்ளி மீண்டும் முதல் வட்டிலிருந்து தொடங்க நேரும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முயற்சியால் புதிய கணினிகள் வரும்போது, எத்தனை கணினிகள் என்று கேட்பதோடு, “இவற்றை மறுபடி நிறுவ வேண்டி வந்தால் அதற்கான குறிப்பு எங்கே உள்ளது?” என்றும் கேளுங்கள்.