மீள்வது பந்து மட்டும்தானா?

மாலை ஆறு மணிக்கு மேல் இராயபுரத்திலிருந்து காசிமேடு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகத்தின் கூச்சல். மறுபக்கம் கன்டெய்னர் லாரிகளின் நீண்ட வரிசை. இவற்றுக்கிடையே ஏதேனும் ஒரு சந்தின் முனையில் 'டக், டக்' என்று ஓர் ஒலி கேட்கும். தாழத் தொங்கும் ஒரு மின்விளக்கு. அதன் கீழே ஒரு கேரம் போர்டு. ஆடுபவர் நால்வர், சுற்றி நின்று பார்ப்பவர் பத்துப் பேர்.

அந்த ஒலியின் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம். வியாசர்பாடி, புதுவண்ணாரப்பேட்டை, காசிமேடு ஆகிய மூன்றும் வடசென்னையில் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ள பகுதிகள். 2008-க்கும் 2025-க்கும் இடையில் இம்மூன்று பகுதிகளிலிருந்தும் கேரத்தில் உலக அளவில் வென்ற பெண்கள் வந்துள்ளனர். 'வறுமைதான் அவர்களுக்கு உரமாக அமைந்தது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது சரியான விடைதானா? இயற்பியலின் துணையோடு சற்று ஆராய்வோம்.

தொழிலாளர் தெருவின் ஆட்டம்

இராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. ரயிலும் துறைமுகமும் வளர வளர, வடசென்னை உழைப்பாளர்களின் ஊராயிற்று. பெரம்பூரில் பி. அண்டு சி. மில், திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, எண்ணூரில் 1970 முதல் அனல்மின் நிலையம் என ஆலைகள் பெருகின. இவற்றில் மில் 1996-இலும், எண்ணூரின் அந்தப் பழைய மின் நிலையம் 2017-இலும் மூடப்பட்டன. தெருமுனைக் கேரம் கிளப்புகளோ இன்றும் இருக்கின்றன.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரம் போர்டின் ஆடுபரப்பு ஏறத்தாழ 74 செ.மீ. சதுரம். மைதானம் இல்லாத தெருவிலும் ஒரு வாசற்படியின் முன்னால் அதற்கு இடம் கிடைக்கும். ஷிப்டு முடித்து வருபவர் எந்த நேரத்திலும் ஆடலாம். அகில இந்தியக் கேரம் சம்மேளனம் 1956-இல் தோன்றியது. பன்னாட்டுக் கேரம் சம்மேளனம் 1988-இல் நம் சென்னையிலேயே நிறுவப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்றார். அர்ஜுனா விருது பெற்ற முதல் கேரம் வீரரும் அவரே.

ஆனால் தெருமுனைக் கிளப் நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்தது. பெண் குழந்தை பத்து, பன்னிரண்டு வயது வரை எட்டி நின்று பார்க்கும். பிறகு வீட்டுக்குள் அழைக்கப்பட்டுவிடும். இந்தப் பின்னணியில்தான் பின்வரும் வெற்றிகளை நோக்க வேண்டும்.

வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி, மூன்று சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்த ஒரு தொழிலாளியின் மகள். 2008-இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் பட்டத்தை அவர் வென்றார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற 6-ஆவது உலகக் கோப்பையில் தனியர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கம் பெற்றபோது அவருக்கு வயது 17. அடுத்த ஆண்டே, 2025 டிசம்பரில், மாலத்தீவில் நடந்த 7-ஆவது உலகக் கோப்பையில் காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனா மூன்று தங்கங்களை வென்றார்.

போர்டு கற்பிக்கும் பாடம்

போட்டிகளில் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேற்படக் கூடாது. காயின் எடை 5 கிராம் முதல் 5.5 கிராம் வரை. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 5 கிராம் காயை நேருக்கு நேர் மோதுகிறது என்று கொள்வோம். ஆற்றல் இழப்பே இல்லையெனில், ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் காய் ஓடும். ஸ்ட்ரைக்கரிடம் பாதி வேகம் மிஞ்சும். பல வேளைகளில் இந்த மிச்ச வேகம்தான் ஸ்ட்ரைக்கரையும் பாக்கெட்டில் தள்ளி, ஆடுபவருக்கு ஃபைன் வாங்கித் தருகிறது!

ஃபைன் விழுந்த பிறகு என்ன செய்வது? போர்டைப் பாருங்கள். போரிக் பவுடர் உராய்வைக் குறைக்குமே தவிர, அறவே நீக்கிவிடாது. ஆகவே ஒவ்வோர் அடிக்குப் பிறகும் எல்லாக் காய்களும் அசைவற்று நின்றுவிடுகின்றன. அடுத்த அடியின் விளைவு, காய்கள் இப்போது நிற்கும் இடத்தையும் விரல் இப்போது தரும் விசையையும் மட்டுமே பொறுத்தது. முந்தைய அடி நல்லதா கெட்டதா என்று காய்களுக்குத் தெரியாது. ஆட்டக்காரரின் மனத்துக்குத்தான் அது தெரியும்! போர்டு ஓய்ந்தது போல மனமும் ஓய வேண்டும். அடுத்த அடிக்கு விதி தரும் நேரமோ 15 வினாடி. அதற்குள் மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும். இது உடலியல் கூறும் உண்மை.

விதிகளிலும் ஒரு நயம் உண்டு. ஒரு கேமுக்கு 25 புள்ளிகள். எதிரியின் ஒன்பது காய்களும் போர்டில் இருக்கும்போதே, ரெட்டையும் ஃபாலோவுடன் போட்டு வென்றால், ஒரே போர்டில் 12 புள்ளிகள் கிடைக்கும். 22-க்கு 5 என்று பின்தங்கியவர்கூட, அடுத்த போர்டில் 12, அதற்கடுத்ததில் 8 எனப் பெற்று வென்றுவிடலாம். மேலும், 22 புள்ளிகளை எட்டியவருக்கு அதன்பின் ரெட்டுக்கான 3 புள்ளிகள் கிடையா. பின்தங்கியவர் மீண்டு வருவதற்கு ஆட்டத்தின் விதியே இடம் வைத்திருக்கின்றது.

நியூட்டனும் கம்பளிப் பந்தும்

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். அடிபட்ட ஒருவர் எழுவது அவருடைய மனவுறுதியால் மட்டும்தானா?

ஒரு ரப்பர் பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விடுங்கள். அது 64 செ.மீ. உயரம் எழும்புவதாகக் கொள்வோம். அப்படியானால் விழுந்த வேகத்தில் பத்தில் எட்டுப் பங்கு அதற்குத் திரும்பக் கிடைத்துள்ளது. 0.8 என்ற இந்த விகிதமே மீட்சிக் குணகம் ஆகும். அதே பந்தைக் கடற்கரை மணலில், அதே உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். 'பொத்' என்று விழுந்து அங்கேயே கிடக்கும். பந்து மாறவில்லை, தரைதான் மாறியது.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய சோதனைகளை விவரித்துள்ளார். ஊசலாகத் தொங்கவிட்ட பந்துகளை ஒன்றோடொன்று மோதவிட்டார். இறுகச் சுருட்டிய கம்பளிப் பந்துகள் மோதிய வேகத்தில் ஒன்பதில் ஐந்து பங்கு வேகத்துடனும், கண்ணாடிப் பந்துகள் பதினாறில் பதினைந்து பங்கு வேகத்துடனும் விலகின. மீட்சிக் குணகம் என்பது தனியொரு பொருளின் குணம் அன்று. மோதும் இரு பொருள்களுக்கும் உரியது.

இன்னொன்றும் உண்டு. வில்சுருளை இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். மீட்சி எல்லையைத் தாண்டி இழுத்தால், விட்ட பிறகும் கோணியே நிற்கும். மனிதருக்கும் இவ்வெல்லை உண்டென்பதை அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் உலகுக்குக் காட்டினார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில், அந்தரத்தில் சுழலும்போது தம் உடலின் நிலையை உணர முடியவில்லை என்று கூறி, குழு இறுதிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். கோழைத்தனம் என்று ஏசியவர்களும் உண்டு. ஆனால் அவருடைய குழு அவரைக் கைவிடவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். எல்லையை அறிந்து நிறுத்திக்கொண்டதும் மீட்சியின் ஒரு பகுதியே.

என் வகுப்பில் நன்றாகப் படித்த ஒரு மாணவி, இரண்டு தாள்களில் அரியர் விழுந்ததும் கல்லூரிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். "மனவுறுதி வேண்டும், அம்மா" என்று அறிவுரை கூறிவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்தேன். இரவில் அவள் உட்கார்ந்து படிக்க வீட்டில் இடமில்லை என்பதை, அவள் படிப்பை நிறுத்திய பின்னரே அறிந்தேன். மீட்சிக் குணகத்தைக் கரும்பலகையில் பலமுறை எழுதியவன், மணலில் விழுந்த பந்தைக் குறை சொல்லிவிட்டேன்.

ஆகவே, வறுமை உரமாயிற்று என்ற விடை பொருந்தாது. அதே தெருக்களில் அதே வறுமையில் வளர்ந்த எத்தனையோ சிறுமியர் போர்டின் அருகே வரவே இல்லை. இந்த மூவரின் கடும் உழைப்பில் ஐயமில்லை. அதற்குப் பயிற்சியளித்த பெரியவர்களும், ஆடுவதற்கு ஒரு போர்டும் வாய்த்தன. காசிமாவின் வெற்றிக்குப் பின் தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டுகளிலும் இடம்பெறாத ஓர் ஆட்டத்துக்கு இது பெரிய கைதூக்கல். எனினும் வென்ற பின் கிடைக்கும் தரை அது. வெல்வதற்கு முன், தோற்றுக்கொண்டிருக்கும் பத்து வயதில், ஒரு குழந்தைக்குக் கெட்டியான தரையை அமைப்பது வீடும் தெருவும் பள்ளியுமே.

வாசகர்களே, பந்துச் சோதனையைச் செய்து பாருங்கள். பிறகு உங்கள் தெருமுனைக் கேரம் கிளப்புக்கும் ஒரு மாலை சென்று வாருங்கள். அந்த விளக்கின் கீழே ஒரு சிறுமி உட்கார இடம் இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையென்றால், சற்று நகர்ந்து இடம் கொடுங்கள்.