டவர் லைனுக்குப் பக்கத்துல குடியிருக்கலாமா?

எங்க தோட்டத்துக்கு மேல 400 கே.வி. லைன் போகுதுங்க. கம்பிக்கும் தோட்டத்து வீட்டுக்கும் நான் டேப் போட்டு அளந்ததுல 120 மீட்டர். போன மாசம் மருமக, பேத்தியை இடுப்புல வெச்சுக்கிட்டு வந்து நின்னா. "மாமா, டவர் லைன் பக்கம் இருந்தா கொழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருமாம், போன்ல வந்திருக்குது. நாம ஊருக்குள்ள குடி போயிரலாங்களா?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரலை. லைன் வந்தப்ப எதுத்து நின்னவங்கள்ல நானும் ஒருத்தன். கம்பிக்கடியில டியூப்லைட்டைப் பிடிச்சு எரியவெச்சு, "இது மனுசன் உடம்பை என்ன பண்ணும் பாருங்க"ன்னு மைக்குல பேசினவன். அதுல எவ்வளவு உண்மைன்னு அன்னைக்கு நான் படிச்சுப் பார்க்கலை. இப்பத்தான் படிச்சேன்.

இந்தப் பயம் பிறந்த இடம் அமெரிக்காவில் உள்ள டென்வர் நகரம். 1970-களில் நான்சி வெர்தைமர் என்ற அம்மையார், ரத்தப் புற்றுநோயில் இறந்த குழந்தைகள் வாழ்ந்த வீடுகளைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். ஏதாவது பொதுக் காரணம் தட்டுப்படுமா என்பதுதான் அவர் எண்ணம். பல வீடுகளுக்குப் பக்கத்துக் கம்பத்தில் டிரான்ஸ்பார்மர் இருந்தது. எட் லீப்பர் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, எத்தனை கம்பி, எவ்வளவு தடிமன், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்தார். 1979-ல் கட்டுரை வெளிவந்தது. அதிக மின்சாரம் ஓடும் கம்பிகளுக்குப் பக்கத்தில் இருந்த குழந்தைகளிடம் புற்றுநோய்ச் சாவு இரண்டு, மூன்று மடங்கு என்றது. அவங்க பார்த்தது பெரும்பாலும் தெருக்கம்பிங்க, நம்ம டவர் மாதிரி இல்லை. கருவி வெச்சு காந்தப்புலத்தை அளந்தும் வகை பிரிக்கலை.

அதுக்கப்புறம் உலகமே இதை ஆராய ஆரம்பிச்சது. ஸ்வீடனில் பெரிய லைன்களுக்கு 300 மீட்டருக்குள் வாழ்ந்த குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். 1993-ல் வந்த முடிவு, காந்தப்புலம் அதிகமான வீடுகளில் ரத்தப் புற்றுநோய் கூடுதல் என்றது. ஆனால் 1960 முதல் 1985 வரை அந்தக் குழந்தைகளில் ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் மொத்தமே 39 பேர். 1997-ல் அமெரிக்காவில் நோய் வந்த 638 குழந்தைகளின் வீடுகளில் கருவி வைத்தே அளந்தார்கள். தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை.

2000-ல் 9 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் காந்தப்புலம் இருந்த வீடுகளில் நோய் இரண்டு மடங்கு. ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இதை வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-ல் '2பி' என்ற பட்டியலில் சேர்த்தது. "காரணமாக இருக்கலாம்" என்று அர்த்தம். நம்ம வேலியோரம் நிக்கிற சோத்துக்கத்தாழையோட முழு இலைச் சாறும் பின்னாடி அதே பட்டியலுக்குத்தான் போச்சு.

எனக்குக் கண்ணைத் திறந்தது பிரிட்டன் கணக்குங்க. 2005-ல் வந்த ஆய்வு, டவர் லைனுக்கு 200 மீட்டருக்குள் பிறந்த குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சுமார் 70 சதவீதம் கூடுதல் என்றது. எங்க வீடு அதுக்குள்ளதான் வருது, படிச்சதும் பகீர்னுச்சு. ஆனால் 200 முதல் 600 மீட்டர் வரைக்கும்கூட 23 சதவீதம் கூடுதல் என்று அதே ஆய்வு சொன்னது. அவ்வளவு தூரத்தில் லைனின் காந்தப்புலம் இல்லாத மாதிரிதான். 2014-ல் அதே குழு இன்னும் கூடுதல் வருசங்களைச் சேர்த்துப் பார்த்தது. 1960-களில் அதிகமாக இருந்த வித்தியாசம் படிப்படியாகக் குறைந்து, 2000-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளிடம் இல்லாமலே போயிருந்தது. கம்பி அப்படியேதானே நிக்குது? கம்பிதான் காரணம்னா நோய் எப்படிக் குறையும்? அந்தக் காலத்தில் லைனோரம் குடியிருந்தவர்களின் வாழ்க்கையில் வேறேதோ இருந்திருக்கலாம் என்றுதான் அந்த ஆய்வாளர்களே நினைக்கிறார்கள்.

என் டியூப்லைட் கதையும் உடைஞ்சது. டியூப்லைட்டை எரியவைப்பது மின்புலம். வீட்டுச் சுவரே அதைப் பெருமளவு தடுத்துவிடும். ஆய்வுகள் பேசியது காந்தப்புலத்தைப் பற்றி. அது சுவருக்கு அடங்காது, ஆனால் தூரம் போகப் போகச் சட்டென்று குறையும்.

அதனால மருமககிட்டச் சொன்னேன்: "குடி மாற வேண்டாம் கண்ணு. ஆனா கம்பிக்கடியில கொழந்தையை விளையாட விடாதே. அது புற்றுநோய்க்காக இல்லை. கம்பி வேலியிலயும் தகரத்துலயும் ஷாக் அடிக்குது, காத்து மழைக்குக் கம்பி அறுந்தா ஆபத்து."

லைனுக்கடியில தென்னை வெக்க முடியலை, நிலத்தோட விலை விழுந்துருச்சு. அதுக்கு நியாயம் கேக்குறதை நான் விடப்போறதில்லைங்க. ஆனா இனி டியூப்லைட்டைத் தூக்கிக்கிட்டு மைக் முன்னாடி நிக்க மாட்டேன்.

மருமக முழுசா ஒத்துக்கலை. தொட்டிலை மட்டும் லைன் பக்கத்து ரூம்ல இருந்து மறுகோடி ரூமுக்கு மாத்திட்டா. மாத்தட்டும், அதுல ஒரு நட்டமும் இல்லைங்க.