பத்தியமும் பாரணையும்: காந்தியடிகளின் உணவுச் சோதனைகளில் கைவிடுதல்

உணவைக் குறைத்தலையும் விலக்குதலையும் குறிக்கத் தமிழில் வழங்கிவரும் சொற்களுள் பத்தியம், நோன்பு என்னும் இரண்டும் முதன்மையானவை. பத்தியம் நோயாளிக்கும் மகப்பேறு கண்ட பெண்ணுக்கும் உரியது. நோன்பு வழிபடுவோர்க்கு உரியது. சூழலால் வேறுபட்ட இவ்விரண்டிற்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. இரண்டும் முடிவுடையவை. சித்த மருத்துவ மரபில் மருந்து நிறுத்தப்பட்ட பின்னும் சில நாள்கள் கடைப்பிடிக்கப்பெறும் மறுபத்தியம், விலக்கிய உணவுக்குப் படிப்படியாகத் திரும்பும் காலமாகும். ஏகாதசி நோன்பிருந்தோர் மறுநாட்காலை அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்த்து உண்டு நோன்பை நிறைவு செய்வது பாரணை எனப்படும். பாரணை செய்யாத நோன்பு நிறைவுறாத நோன்பாகவே கருதப்பெறுகிறது. அதாவது, உண்ணாமையைப் போலவே மீண்டும் உண்ணுதலும் நோன்பின் ஒரு பகுதியே. (வடக்கிருத்தல் இவ்வரிசையில் சேராது, அதன் முடிவு வேறு.)

பத்தியம் என்பது வடசொல்வழி வந்தது. 'வழிக்கு ஏற்றது' என்பதே அதன் அடிப்படைப் பொருள். உண்ணத்தக்கதைச் சுட்டிய அச்சொல் தமிழ் வழக்கில் உண்ணத்தகாததை விலக்குதலையே பெரிதும் சுட்டலாயிற்று. இக்காலத்தில் 'டயட்' என்னும் சொல்லும் இதே மாற்றத்திற்கு ஆளாகியுள்ளது. 'வாழும் முறை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த அது, 'டயட்டில் இருக்கிறேன்' என்னும் இன்றைய தமிழ்ப் பேச்சில் குறைத்து உண்ணுதல் என்னும் ஒரு பொருளையே தருகிறது. ஆனால் பத்தியத்திலிருந்து அது ஒரு வகையில் வேறுபடுகிறது. அதற்கு மறுபத்தியமும் இல்லை, பாரணையும் இல்லை. எப்பொழுது முடியும் என்று கேட்க இயலாத கட்டுப்பாடு அது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அவ்வதிகாரத்தில் உணவைப் பற்றிய குறட்பாக்கள் எவ்வுணவையும் பெயர் சுட்டி விலக்கவில்லை, எடையும் கூறவில்லை. முன் உண்டது செரித்தமை, நன்கு பசித்தமை, உடலோடு மாறுபடாமை, வயிற்றுத் தீயின் அளவு ஆகியனவே அளவுகோல்கள். அவை யாவும் உண்பவன் தன்னுள்ளே அறிய வேண்டியவை. பிறர் அவனுக்காக அறிந்து கூறக்கூடியவை அல்ல.

முடிவற்ற கட்டுப்பாடு ஒரு மனிதரிடத்து எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு கைவிடப்படுகிறது என்பதை ஆராயக் காந்தியடிகளின் உணவுச் சோதனைகளைப் போல விரிவான சான்றுகளையுடைய பிறிதொன்று அரிது. ஜோசப் ஆல்டர் (2000), நிகோ ஸ்லேட் (2019) முதலியோர் இச்சோதனைகளை உடலோடும் அரசியலோடும் இணைத்து ஆராய்ந்துள்ளனர். அவற்றின் தொடக்கங்கள் பேசப்பட்ட அளவுக்கு முடிவுகள் பேசப்படவில்லை. இக்கட்டுரை முடிவுகளையே பொருளாகக் கொள்கிறது.

சோதனை என்னும் சொல்

காந்தியடிகளின் தன்வரலாறு 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் குஜராத்தியில் தொடராக வெளிவந்தது. அதன் தலைப்பிலுள்ள 'பிரயோகம்' என்னும் சொல் செய்து பார்த்தலைக் குறிப்பது. ரா. வேங்கடராஜுலுவின் தமிழாக்கம் 'சத்திய சோதனை' எனப் பெயர் பெற்றது. தமிழில் சோதனை என்பது ஒருவர் செய்து பார்ப்பதையும் குறிக்கும். ஒருவருக்கு நேரும் இடுக்கணையும் குறிக்கும். 'எனக்கு வந்த சோதனை' என்னும் வழக்கு நோக்குக. மூலத்தில் இல்லாத இவ்விரட்டைப் பொருள், உணவு பற்றிய இயல்களுக்கு மூலத்தினும் பொருத்தமாக அமைந்துவிட்டது எனலாம். ஏனெனில் காந்தியடிகள் செய்து பார்த்தவை பல, அவர் வீட்டாருக்கு நேர்ந்தவையும் ஆயின.

இலண்டன் முதல் தால்ஸ்தாய்ப் பண்ணை வரை

1888-இல் இலண்டன் சென்ற இளைஞர் காந்தி, புலால் உண்ணுவதில்லை எனத் தாயிடம் அளித்த வாக்கின் காரணமாகப் பல நாள் அரைவயிற்றோடு இருந்தார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டு, அங்கு விற்கப்பட்ட ஹென்றி சால்ட்டின் நூலையும் வாங்கிக்கொண்டு, இங்கிலாந்துக்கு வந்த பின் முதன்முறையாக நிறைவாக உண்டார். கொள்கை கிட்டியதும் பசி தீர்ந்ததும் ஒரே மேசையில் நிகழ்ந்தன. அதன்பின் அவர் கைக்கொண்டவை பெரும்பாலும் விலக்குதல்களே. இனிப்பும் மசாலாவும் நீங்கின. மாவுப்பொருள் நீங்கிய காலமும் உண்டு. 1893-இல் பிரிட்டோரியாவில் சமைக்காத தானியங்களையும் பழங்களையும் மட்டும் உண்டு பார்த்தார். உடல் ஒவ்வாமையால் இரண்டு வாரத்திற்குள் நிறுத்திவிட்டு, அம்முடிவை இலண்டன் 'வெஜிடேரியன்' இதழில் 1894-இல் எழுதினார். தோல்வியை அச்சில் ஏற்றும் இப்பழக்கம் பின்னரும் தொடர்ந்தது.

1902-இல் பம்பாயில் பத்து வயது மகன் மணிலாலுக்குக் குடற்காய்ச்சல் கண்டபோது, முட்டையும் கோழிச்சாறும் தரவேண்டும் என்றார் மருத்துவர். தந்தை மறுத்து, நீர்ச் சிகிச்சையையும் ஆரஞ்சுச் சாற்றையும் நம்பினார். சிறுவன் பிழைத்தான். அதற்குக் காரணம் இறையருளா, நீர்ச் சிகிச்சையா, கவனமான பேணலா என்று தம்மால் கூற இயலாது எனப் பின்னர் எழுதியுள்ளார். முடிவு வேறாக இருந்திருப்பின் அவ்வியல் எவ்வாறு எழுதப்பட்டிருக்கும் என்னும் வினாவை வாசகர் தவிர்க்க இயலாது.

1908-ஐ ஒட்டிய காலத்தில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உதிரப்போக்கால் நலிந்திருந்த கஸ்தூரிபா அம்மையாரிடம், உப்பையும் பருப்பையும் விடுமாறு காந்தியடிகள் வற்புறுத்தினார். அவற்றை விடும்படி கூறினால் உங்களாலும் இயலாது என்னும் பொருள்பட அம்மையார் கூறியதும், ஓராண்டு அவற்றைத் தாமே விட்டுவிடுவதாகக் காந்தியடிகள் அப்பொழுதே உறுதிபூண்டார். அம்மையார் பதறினார், தாம் விட்டுவிடுவதாகவும் அவர் தம் உறுதியைத் திரும்பப் பெறவேண்டும் எனவும் வேண்டினார். பயனில்லை. ஓராண்டு என்றது ஏறத்தாழப் பத்தாண்டுகளாக நீண்டது. இதனைக் காந்தியடிகள் இல்லறச் சத்தியாகிரகமாகவும் தம் வாழ்வின் இனிய நினைவுகளுள் ஒன்றாகவும் பதிவு செய்கிறார். அதே பக்கங்களை அம்மையாரின் பக்கமிருந்து வாசித்தால் வேறொன்று தெரியும்: நோயுற்றவரின் தட்டிலிருந்து உப்பு நீங்கியது, மறுத்துரைக்கும் வழியும் அதனோடு நீங்கியது.

1912-இல் தால்ஸ்தாய்ப் பண்ணையில் கல்லன்பாக்குடன் சேர்ந்து பாலைக் கைவிட்டார். பால் புலனடக்கத்திற்கு ஊறு என்னும் கருத்தும், கறவை மாடுகள் துன்புறுத்தப்படுவது பற்றிய செய்தியும் காரணங்கள். வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் என்பதாக உணவு சுருங்கியது. 1914-இல் இலண்டனில் நுரையீரல் உறை அழற்சியால் வருந்தியபோது ஜீவராஜ் மேத்தா பால் அருந்தக் கூறியும் கோகலே வற்புறுத்தியும் இசையவில்லை. 1915-இல் அரித்துவாரக் கும்பமேளாவில், ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை என்னும் உறுதிகளும் சேர்ந்தன.

1918

கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்ட ஊர் ஊராக நடந்த நாள்களில் வேர்க்கடலை விழுதும் எலுமிச்சையுமே அவரது உணவு. வயிற்றுப்போக்குத் தொடங்கியது, உண்ணாமல் இருந்து பார்த்தார். அன்று ஒரு திருநாள். பாலும் நெய்யும் கொள்ளாதவர் என்பதால் கஸ்தூரிபா அம்மையார் எண்ணெயில் செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியும் ஒரு கிண்ணம் பயறும் வைத்திருந்தார். சிறிது உண்ண அமர்ந்தவர் வயிறு நிறைய உண்டார். ஒரு மணிநேரத்திற்குள் நோய் கடுமையாயிற்று. இறப்பின் வாயில்வரை சென்றதாக அவரே கூறும் நோய் அதுவே.

இந்நிகழ்ச்சியைக் காந்தியடிகள் நாவின் தவறாகவே எழுதுகிறார். தன்வரலாற்றைத் தொடர்ந்து வாசிப்போர்க்கு இவ்விளக்கம் போதியதாகத் தோன்றாது. பல ஆண்டு விலக்குதலும் பல மாத நடையும் அதற்கு முன் நிற்கின்றன. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி இருந்தனர். உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது. சிலர் சமையல் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினர். கட்டுப்பாடு நீங்கிய பின்னர் வயிறு நிறைந்தும் அடங்காமல் உண்டனர். அவர்களது மன உறுதியில் குறைவில்லை. குறைக்கப்பட்ட உடல் அவ்வாறுதான் இயங்கும். திருநாளன்று கோதுமைக் கஞ்சியை உண்டது நா என்பதைவிடப் பசி என்பதே பொருந்தும்.

1919 சனவரியில் பம்பாயில் மருத்துவர் தலால், பாலின்றி உடலைத் தேற்ற இயலாது என்றார். பால் அருந்துவதில்லை என்ற உறுதியை எடுத்துக்காட்டினார் காந்தியடிகள். உறுதி பூண்டபோது பசுவும் எருமையுமே எண்ணத்தில் இருந்தன. ஆட்டுப்பாலுக்குத் தடை ஏது என்று கேட்டவர் கஸ்தூரிபா அம்மையார். காந்தியடிகள் இசைந்தார். ரௌலட் சட்டங்களை எதிர்த்துப் போராட வாழவேண்டும் என்னும் வேட்கை, உறுதியின் சொல்லைக் காத்து அதன் உயிரைக் கைவிடச் செய்தது என வருந்தி எழுதினார். பாலை அருந்தினாரேயன்றி அதனோடு அமைதி கொள்ளவில்லை. உப்பை இழந்த அம்மையாரே இந்நோன்புக்குப் பாரணை கண்டவர் என்பதைத் தன்வரலாறு சொல்லாமலே காட்டிச் செல்கிறது.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடுதல் வேண்டும். காந்தியடிகளின் பொதுவாழ்வு நோன்புகள் பல மரபுவழி நோன்பின் அமைப்பையே கொண்டவை. 1924-இல் தில்லியில் 21 நாள் எனத் தொடக்கத்திலேயே எல்லை வகுக்கப்பட்டது. 1932 செப்டம்பரில் எரவாடா நோன்புக்கு நாள் எல்லை இல்லையாயினும் நிபந்தனை இருந்தது. அது நிறைவேறியதும் தாகூர் உடனிருக்க, கஸ்தூரிபா அம்மையார் தந்த ஆரஞ்சுச் சாற்றோடு நோன்பு முடிந்தது. அன்றாட உணவுக் கட்டுப்பாடுகளுக்கு இத்தகைய எல்லை எதுவும் இல்லை. அவற்றை நோயே முடித்துவைத்தது.

1929

1929-இல் ஆந்திரப் பயணத்தின்போது சமைக்கா உணவில் ஆர்வம் மீண்டும் எழுந்தது. முளைகட்டிய கோதுமை, வாதுமை விழுது, இடித்த பச்சிலை, எலுமிச்சை, தேன் என ஒவ்வொன்றும் நிறுத்து உண்ணப்பட்டது. ஆசிரமத்தார் பலரும் சேர்ந்துகொண்டனர். 'யங் இந்தியா' இதழில் 13.6.1929 அன்று இதனை எழுதியபோது நம்பிக்கை மிகுந்திருந்தது. ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு; மீண்டும் ஆட்டுப்பால். அதனையும் இதழிலேயே அறிவித்தார். இம்முறை 1919-இன் குற்றவுணர்வு காணப்படவில்லை. சோதனை பயனளிக்கவில்லை என்பது செய்தியாகச் சொல்லப்படுகிறது, பாவமாக அல்ல. இம்மாற்றம் சிறிதாயினும் கருதத்தக்கது.

1942

1913-இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் குஜராத்தியில் எழுதிய உடல்நலத் தொடரில் பாலையும் உப்பையும் விலக்குமாறு கூறியவர் காந்தியடிகள். 1942 ஆகஸ்டு 28 முதல் டிசம்பர் 18 வரை பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் அதே பொருள்பற்றி மீண்டும் எழுதினார். இது முன்னதன் திருத்தப் பதிப்பன்று, புதிதாக எழுதப்பட்டது. மூளையுழைப்பாளர் ஒருவரது நாளுணவாக அதில் தரப்படும் பட்டியலில் முதலில் நிற்பது இரண்டு இராத்தல் பசும்பால்; அடுத்துத் தானியம் 6 அவுன்சு. பாலின்றி வாழ முயன்று தோற்ற பட்டறிவே இதற்குக் காரணம் என்று ஒப்புகிறார். குன்னூர் ஆய்வகத்திலிருந்து ஆக்ராய்டின் உணவுச் சத்து அட்டவணை 1937-இல் வெளிவந்திருந்த காலம் அது; அவுன்சுக் கணக்கு அக்காலத்தின் மொழி. எனவே இந்நூலைக் குறள் காட்டும் உள்ளளவுக்குத் திரும்பியதாகக் கொள்ளுதல் மிகையாகும். மசாலாவுக்கு இதில் இடமில்லை. ஐந்து பொருள் என்னும் உறுதியும் நூலால் நீங்கிவிடவில்லை. காந்தியடிகள் கட்டுப்பாட்டை முற்றும் விட்டவரல்லர். உடல் மறுத்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விட்டவர். ஒவ்வொரு முறையும் தாமதமாக, ஆனால் மறைக்காமல்.

உப்பைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. 1930-இல் காற்றுக்கும் நீருக்கும் அடுத்த தேவை எனக் கூறி நாட்டு மக்களுக்காக அவர் கடற்கரையில் எடுத்த உப்பு, சொந்தத் தட்டைப் பற்றிய எழுத்தில் இப்போது இடம்பெறுகிறது. உடலுக்கு உப்பு வேண்டும், சிறிதளவு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். அவ்வரிகள் எழுதப்பட்ட நாள்களில் கஸ்தூரிபா அம்மையார் அதே மாளிகையில் சிறையிருந்தார். 22.2.1944 அன்று அங்கேயே காலமானார்.