மார்ஃபன் சிண்ட்ரோம்: கண், இதயம், ரத்தக்குழாயைத் தாக்கும் பரம்பரை நோய்... ஒருவருக்கு இருந்தால் குடும்பமே பரிசோதிக்க வேண்டியது ஏன்?

1986 ஜனவரி 24. ஜப்பானின் மட்சுயே நகரில் வாலிபால் போட்டி நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க வீராங்கனை ஃப்ளோ ஹைமன், மாற்று வீராங்கனை களமிறங்கியதால் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சரிந்து விழுந்தவர், பிறகு எழவே இல்லை. அப்போது அவருக்கு வயது 31. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் நட்சத்திரம் அவர்.

முதலில் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள். உடற்கூராய்வில்தான் பெருந்தமனி கிழிந்திருந்தது தெரிந்தது. காரணம், மார்ஃபன் சிண்ட்ரோம். 6 அடி 5 அங்குல உயரம் கொண்ட ஹைமனுக்கு, தனக்கு இந்த நோய் இருப்பது கடைசி வரை தெரியாது.

மார்ஃபன் சிண்ட்ரோம் என்றால் என்ன?

நம் உடல் உறுப்புகளைத் தாங்கிப் பிடிப்பது இணைப்புத் திசு. அதற்கு வலுவும் இழுவைத்தன்மையும் தர ஃபைப்ரிலின்-1 என்ற புரதம் தேவை. இதை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால் இந்த நோய் வருகிறது. 1896-ல் பிரான்ஸ் குழந்தை மருத்துவர் அந்துவான் மார்ஃபன், கை கால்கள் ஒல்லியாக நீண்டிருந்த 5 வயது சிறுமியைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கு வந்தது. மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1991-ல். சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம்.

யாருக்கு வரும்?

அம்மா, அப்பா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் 50% வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. சொந்தத்தில் திருமணம் செய்தால்தான் வரும் என்பதும் இல்லை. 'எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே' என்று விட்டுவிடவும் முடியாது. நான்கில் ஒருவருக்கு இது புதிதாகவே தோன்றுகிறது.

அறிகுறிகள் என்னென்ன?

உடல்: உயரத்தைவிட நீளமான கை விரிப்பு, மெலிந்து நீண்ட விரல்கள், குழிந்த அல்லது துருத்திய நெஞ்சு, வளைந்த முதுகெலும்பு. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடினால், அதன் நுனி சுண்டுவிரல் பக்கம் வெளியே நீட்டும். ஆனால் ஒருவர் உயரமாக இருப்பது மட்டுமே நோய் ஆகாது.

கண்: பாதிக்கும் மேற்பட்டோருக்கு விழி லென்ஸ் இடம் நகர்ந்துவிடும். சிறு வயதிலேயே அதிக பவர் கண்ணாடி, விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் ஆகியவையும் வரலாம். பலருக்கு நோயை முதலில் கண்டுபிடிப்பதே கண் டாக்டர்தான். அவர் 'எக்கோ எடுத்துட்டு வாங்க' என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதயம்: ஆபத்து இங்கேதான். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வலி எதுவும் காட்டாமல் மெல்ல மெல்ல விரிகிறது. ஒரு கட்டத்தில் அதன் சுவர் கிழிந்துவிடலாம். திடீரென நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே 'மார்ஃபன் இருக்கு' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாரடைப்பு என நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் விபரீதமாகிவிடும்.

சிகிச்சை இருக்கிறதா?

முழுமையாகக் குணப்படுத்த முடியாது, ஆனால் கட்டுப்படுத்தலாம். பீட்டா பிளாக்கர், லோசார்டன் போன்ற மாத்திரைகள் தமனி விரிவதைத் தாமதப்படுத்தும். எக்கோ மூலம் ஆண்டுதோறும் அளவு பார்ப்பார்கள். 5 சென்டிமீட்டரை நெருங்கினால், கிழிவதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்து அந்தப் பகுதியை மாற்றுவார்கள். குடும்பத்தில் யாருக்காவது தமனி கிழிந்திருந்தால் இன்னும் முன்கூட்டியே செய்வார்கள். 1970-களில் மார்ஃபன் நோயாளிகள் சராசரியாக 30 வயதை ஒட்டியே இறந்தனர். இன்று முறையாகச் சிகிச்சை பெறும் பலர் 70 வயதைத் தொடுகிறார்கள்.

எதைத் தவிர்க்க வேண்டும்?

மூச்சை அடக்கி அதிக எடை தூக்குவது, மோதல் நிறைந்த விளையாட்டுகள் வேண்டாம். நடைப்பயிற்சி போன்றவற்றை டாக்டரிடம் கேட்டுச் செய்யலாம். கர்ப்பம் தரிக்கும் முன்பே இதய மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

ஹைமன் இறந்த பிறகு அவரது குடும்பத்தினர் பரிசோதனை செய்துகொண்டனர். அவரது சகோதரருக்கும் அதே நோய் இருப்பது தெரியவந்து, இதய அறுவை சிகிச்சை நடந்தது. அக்காவுக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு தம்பிக்குக் கிடைத்தது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு மார்ஃபன் உறுதியானால், அறிகுறி தெரியாவிட்டாலும் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என எல்லோரும் ஒரு எக்கோவும் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.