ஒற்றைப் பிள்ளை

உடன்பிறந்தார் இல்லாமல், பெற்றோருக்கு ஒரே மகனாகவோ ஒரே மகளாகவோ வளர்பவர் ஒற்றைப் பிள்ளை. பேச்சில் 'ஒத்தப் புள்ள'. கொஞ்சும்போது 'ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு'. இவர்களின் வளரிளம் பருவமே, அதாவது 10 முதல் 19 வயது வரையான காலமே, இங்கு பேசப்படுகிறது.

உறவுமுறையில் இடம்

தமிழர் உறவுமுறைப்படி ஒற்றைப் பிள்ளைக்கும் அண்ணன் தங்கை உண்டு. பெரியப்பா, சித்தப்பா மக்களும் பெரியம்மா, சித்தி மக்களும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்றே அழைக்கப்படுகிறார்கள். அத்தை, தாய்மாமன் மக்கள் மட்டும் அத்தான், மச்சான், மதினி எனப் பிரிந்து மணமுறை ஆகிறார்கள். 1871இல் உறவுமுறைகள் பற்றிய பெருநூலை வெளியிட்ட அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மார்கன், நியூயார்க் பகுதியின் இரோகுவா மக்களிடமும் தமிழரிடமும் இப்பகுப்பு ஒத்திருப்பதைக் கண்டார். 'உனக்கு எத்தனை அண்ணன்?' என்று கேட்டால் 'சொந்த அண்ணனா, பெரியப்பா பையனா?' என்ற எதிர்க்கேள்வி வருவது இதனால்தான். நகரத்துப் பிள்ளைகள் எல்லாரையும் 'கசின்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதில் இந்த நுட்பம் அடிபட்டுப் போகிறது.

இம்முறையின் பயன் பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவில் தெரியும். ஓலை கட்டவும் சீர் கொண்டுவரவும் தாய்மாமன் வேண்டும். தாயே ஒற்றைப் பிள்ளையாக இருந்தால், அவளுடைய பெரியப்பா மகனோ சித்தி மகனோ மாமன் முறையில் வந்து நிற்பார். ஒரு தலைமுறை ஒற்றையாகிப் போனாலும் சபையில் குறை தெரிவதில்லை. இரண்டு தலைமுறை தொடர்ந்து அப்படியே வந்தால், பெரியப்பா, சித்தி, அத்தை, மாமன் என்ற உறவுகளுக்கே ஆள் இருக்காது.

உளவியல் ஆய்வு

ஒற்றைப் பிள்ளை கெட்டுப்போகும் என்ற பழிக்கு அறிவியல் முத்திரை குத்தியது அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகம். 1890களில் அங்கே போஹானன் என்பவர் வினாத்தாள் அனுப்பிப் பதில் திரட்டினார். செல்லம் மிகுந்தவர்கள், விளையாட்டில் ஒட்டாதவர்கள், கற்பனைத் தோழர்களோடு பேசுபவர்கள் என்று முடிவு வந்தது. அவருக்கு வழிகாட்டியவர் ஸ்டான்லி ஹால். 1904இல் வளரிளம் பருவத்தைப் பற்றி இரண்டு தொகுதிகளில் எழுதி, அதைத் தனித் துறையாக்கியவரும் அவரே. பிறர் சொன்னதைக் கேட்டுத் தொகுத்த இந்த முடிவு, பல பத்தாண்டுகள் பாடம்போல் ஒப்பிக்கப்பட்டது.

1986இல் டோனி ஃபால்போவும் டெனிஸ் போலிட்டும் 115 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒற்றைப் பிள்ளைகள் தலைப்பிள்ளைகளிடமிருந்தும் சிறு குடும்பத்துப் பிள்ளைகளிடமிருந்தும் வேறுபடவில்லை. பெற்றோருடனான உறவில் ஒருபடி மேலாகவே இருந்தார்கள். ஆனாலும் பழி அத்தோடு முற்றிலும் தீரவில்லை. பெய்ஜிங்கில் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒற்றைப் பிள்ளைகளிடம் நம்பிக்கையும் துணிச்சலும் குறைவு என்றது. ஆனால் அது சீன அரசின் ஒரு குழந்தை ஆணையால் வந்த ஒற்றைமை.

வீட்டில் ஒற்றைப் பிள்ளைகளுக்கு உள்ள சிக்கல் வேறு. அப்பாவிடம் மார்க் ஷீட்டை நீட்டும்போது கூட நிற்க ஆள் இல்லை. உடைந்த கண்ணாடிக்குப் பழி போட ஒரு தம்பி இல்லை. 'அக்காவைப் பார்' என்ற ஒப்பீடு இல்லாத இடத்தை எதிர்வீட்டுப் பிள்ளை பிடித்துக்கொள்கிறது.

சீனா

1980 செப்டம்பரில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி வெளியிட்ட திறந்த மடல் 'ஒரு குழந்தை போதும்' என்றது; 2016 தொடக்கத்திலிருந்து இரண்டுக்கு அனுமதி வந்தது. தாலியன் நகரப் பதின்வயதினரிடையே ஆய்வு செய்து 2004இல் நூல் எழுதிய வனெசா ஃபோங், போட்டிக்குத் தம்பி இல்லாததால் பெண்களின் படிப்புக்கும் பெற்றோர் தாராளமாகச் செலவிட்டதைக் காட்டுகிறார். நுழைவுத் தேர்வின் சுமையும் அதே அளவுக்கு அவர்கள்மேல் இறங்கியது.

தமிழ்நாடு

'நாம் இருவர், நமக்கு ஒருவர்' என்ற முழக்கம் இங்கும் ஒலித்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1.8.